வேலி நடந்த தூரம்

மார்ச் மூன்றாம் வாரம்.
கஷூரிக்குக் கிழக்கே மண்சாலை முடியும் இடத்தில்
ஜீப்பை நிறுத்தி இறங்கினேன்.
எதிரே ஒரே வெள்ளை.
எது மரம், எது வேலி என்று
பூ சொல்லவில்லை.

கையில் தொண்ணூற்றிரண்டில் எழுதிய தாள்.
நீல மை, அவசரக் கையெழுத்து:
"எல்லை கருமுள் வேலியோடு செல்லும்.
செர்ரி பிளம் மரத்துக்குத் தெற்கே ஆறு தப்படி."
யாருடைய தப்படி என்று எழுதவில்லை.

வடக்கே சியாலா, ரப்பர் பூட்ஸில்.
தெற்கே ஓதியா, வாயில் அணைந்த சிகரெட்.
ஒன்றுவிட்ட சகோதரர்களின் பிள்ளைகள்.
பங்காளிகள் என்றாலே
பாதி வழக்கு எழுதியாகிவிட்டது.
"அளங்கள்" என்றாள்.
"அளக்கட்டும்" என்றார்,
என்னிடம் அல்ல, நாயிடம்.

முதலில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும்.

ஒரு கிளையை வளைத்தேன்.
இளந்தண்டு பச்சை, எண்ணெய் தடவிய வழுவழுப்பு.
பூவுக்கு நீளக் காம்பு. அடியில் புல்லிகள்
சட்டைக்கையைச் சுருட்டிவிட்டதுபோல்
பின்னால் மடங்கியிருந்தன.
பூத்து முடிவதற்குள் இலையும் மூக்கை நீட்டியாயிற்று;
பொறுக்காத பிறவி.
இது செர்ரி பிளம், எங்கள் வாயில் ட்கெமலி.
காயாகவே பறித்து, பூண்டும் கொத்தமல்லியும் தட்டிப்போட்டு,
காய்ச்சிப் புட்டியில் அடைப்போம்.
புளிப்பு. ஒளிவுமறைவில்லாத புளிப்பு.

மற்றதன் பெயர் மெய்யெழுத்துகளின் நெரிசல்,
வெளியூர்க்காரர் தொண்டையில் குறுக்கே நிற்கும்.
கரி பூசிய கட்டை. இலை ஒன்றுகூட இல்லை.
வெறுங்கொம்பில் சின்னச் சின்னப் பூ,
காலை நேரப் பேருந்தில் நிற்பவர்கள்போல
ஒட்டி, நெருக்கி.
கொம்பு முடியும் இடமெல்லாம் முள்.
பழம் கருநீலம். கடித்தால்
நாக்கு தன்னையே மடித்துக்கொள்ளும் துவர்ப்பு.
முதல் உறைபனி பட்டபின்
கொஞ்சம் இறங்கிவரும்.

மரம் முளைத்த இடத்தில் நிற்கிறது.
கருமுள் நிற்காது.
வேர் மண்ணுக்கடியில் ஊர்ந்து
ஒரு சாண் தள்ளிக் கன்று விடும்.
அடுத்த ஆண்டு இன்னொரு சாண்.
யாரும் நகர்த்தாமல், யாரும் காவலிருந்து பார்க்காமல்,
முப்பது ஆண்டில் நாலரை மீட்டர்.
ஓதியாவின் கோழிக்கூண்டைத் தொட்டுவிட்டது வேலி.

"வேலியோடு என்றுதானே இருக்கிறது?"
சியாலா தாளில் விரல் வைத்தாள்.
"ஆறு தப்படி என்றும் இருக்கிறது."
இரண்டும் இருந்தது.
"நான் ஒரு முள்கூட நட்டதில்லை" என்றாள்.
அதுவும் உண்மைதான்.

சரி, நடந்து பார்ப்போம் என்றேன்.
சியாலா மரத்தடியிலிருந்து ஆறு வைத்தாள்,
ஒவ்வொன்றும் ஓடை தாண்டுகிற அகலம்.
ஓதியா ஆறு வைத்தார்,
முட்டை மேல் நடக்கிறவர்போல.
நானும் வைத்தேன்.
மூன்று முளைக்கம்பு அடித்தோம்.
கோழிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

இரண்டாவது கம்புக்கும் மூன்றாவதற்கும் நடுவில்
முழங்கால் உயரத்தில் ஒரு கன்று.
அடியில் பச்சை, நுனியில் முள்.
இன்னும் பூக்கவில்லை.
இதுவா அதுவா, இரண்டும் கூடியதா,
குனிந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.
"இது யாருடையது?"
"களை" என்றார்கள் இருவரும்.
அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போன
ஒரே சொல்.
வரைபடத்தில் நான் அதைக் குறிக்கவில்லை.

இரவு அலுவலகத்தில் எண்களைத் தட்டும்போது
ஆள்காட்டி விரல் விண்விண்ணென்றது.
கருமுள் குத்தினால் சும்மா போகாது,
முனை ஒடிந்து உள்ளே தங்கும்,
ஒரு வாரம் வீங்கும்.
மற்ற மரத்தின் கையையும்
பாதிநாள் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்,
கீறல் இல்லை.

மேசைமேல் இரண்டு புட்டி.
சியாலா கொடுத்தது பச்சை, ட்கெமலிக் குழம்பு.
ஜீப் கிளம்பும்போது ஓதியா ஜன்னல் வழியே
திணித்தது கருஞ்சிவப்பு,
எந்த வேலியைப் பிடுங்கச் சொல்லி மனு போட்டாரோ
அந்த வேலிப் பழம் ஊறிய சாராயம்.
இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும், விதிப்படி.
விரலுக்கு ஊற்ற
இரண்டாவதை மட்டும் திறந்தேன்.